பாசிக்குடா ஹோட்டல் கம்பனியில் பங்கு வாங்கலாமா?

கேள்வி:

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் ஆசிரியர் சேவையில் இருந்து ஓய்வு பெற்றேன். பணிக்கொடையில் வீட்டுக் கூரை வேலை போக மீதி 18 லட்சம் ரூபாய் ஒரே வங்கியில் நிலையான வைப்பில் இருக்கிறது. இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் மற்றவர்கள் வாங்கிய வட்டியில் பாதிகூட இப்போது கிடைப்பதில்லை. என்னோடு படிப்பித்த மூன்று பேரும் நானும் சேர்ந்து பங்குச் சந்தையில் போடலாம் என்று பேசிக்கொண்டோம். பாசிக்குடாவில் கடற்கரை ஹோட்டல் வைத்திருக்கும் கம்பனி ஒன்றின் பங்கு மூன்று ரூபாய்க்கும் குறைவாக இருக்கிறது. நம்முடைய கடற்கரை, வெள்ளைக்காரர் வரத்தும் கூடியிருக்கிறது, கடைசிக் காலாண்டில் இலாபமும் காட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆறு லட்சம் போடுவது என்று யோசனை. ஏறாவூர் நண்பர் ஒருவருக்கு மட்டும் தயக்கம். இதற்கிடையில் என் தம்பியின் கூட்டாளி அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வருபவர்களுக்கு விடுதி கட்டுகிறார். ஐந்து லட்சம் கொடுத்தால் மாதம் பத்தாயிரம் தருவாராம். அறுபது பேர் வரையில் சேர்ந்துவிட்டார்களாம். எதில் போடலாம்?

பதில்:

வணக்கம் டீச்சர்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை ஆறுதலாகப் பார்க்கலாம். பாசிக்குடாக் கம்பனியில் ஆறு லட்சம் போட வேண்டாம். ஒரு முழு வருடக் கணக்கைப் பார்த்த பிறகு, அது சரியாக இருந்தால், முழுதாகப் போனாலும் உங்கள் வீட்டுச் செலவு தடுமாறாத சிறு தொகை ஒன்றைப் போடலாம். அறுகம்பை விடுதிக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கம்பனியின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். இங்கே அதை விட்டுவிட்டேன். நான் சொல்லப்போவது கிழக்குக் கரையை நம்பியிருக்கும் எந்த ஹோட்டல் கம்பனிக்கும் பொருந்தும். எனக்கு எந்த ஹோட்டல் கம்பனியிலும் பங்கு கிடையாது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று ரூபாய்க்குக் குறைவு, ஆகவே மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் சிறு முதலீட்டாளர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு பங்கின் விலை மட்டும் எதையும் சொல்லாது. மொத்தம் எத்தனை பங்குகள், கம்பனிக்கு எவ்வளவு கடன் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலிவா இல்லையா என்று தெரியும். ஒரு கம்பனியில் 80 கோடிப் பங்குகள் இருக்கின்றன, விலை 2 ரூபாய் 50 சதம் என்று வைப்போம். அப்படியென்றால் சந்தை அதற்குப் போட்டிருக்கும் விலை 200 கோடி ரூபாய். வங்கிகளுக்கு 150 கோடி கடனும் இருந்தால், அந்தத் தொழிலை 350 கோடிக்கு வாங்குவதற்குச் சமம். அறைகள் 120 என்றால் அறை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம். ஓர் அறைக்கு இந்த விலை கொடுத்து, மாரி காலத்தில் பாதிக்கு மேல் பூட்டிக்கிடக்கும் ஹோட்டலை நீங்கள் தனியாளாக வாங்குவீர்களா? இந்தக் கேள்விக்கு மனம் ஆம் என்று சொன்னால்தான் அந்தப் பங்கு மலிவு.

அடுத்தது அந்த இலாபம். நீங்கள் அனுப்பிய தாளில் செப்டெம்பர் 30-உடன் முடிந்த காலாண்டு என்று இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கிழக்குக் கரைக் கம்பனியைப் பொறுத்தவரை முழு விஷயமும் அந்தத் திகதியில்தான் இருக்கிறது.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் ஹிக்கடுவ, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் நம் பக்கம் கடல் அமைதி. பாசிக்குடாவில் பவளப்பாறை அலையை வெளியிலேயே மறித்துவிடுவதால் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் தண்ணீருக்குள் நடக்கலாம். ஐரோப்பாவில் கோடை விடுமுறையும் நம் ஓகஸ்ட் பள்ளி விடுமுறையும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. அறுகம்பையிலும் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை. நவம்பர் பிறந்தால் மாரி. அந்த நாட்களில்தான் தெற்கிலும் மேற்கிலும் சீசன் தொடங்குகிறது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இலங்கையில் பெரும்பாலான கம்பனிகளின் கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. செப்டெம்பர் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் அதன் அறிக்கையைப் பங்குச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே வருடத்தின் மிக அழகான அறிக்கை, அதாவது ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் கணக்கு, நவம்பர் நடுவில் வெளியே வருகிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர் மாரியின் வாசலில் நின்றுகொண்டு வாங்குகிறார். அதன் பிறகு அவர் கைக்கு வரப்போகும் இரண்டு அறிக்கைகளும் மோசமானவை. அப்போது விலை இறங்கும், பயம் பிடிக்கும், மே மாதத்தில் விற்றுவிடுவார். செப்டெம்பர் கணக்கைப் போன வருடச் செப்டெம்பரோடு மட்டும் ஒப்பிட வேண்டும். நான்கு காலாண்டையும் கூட்டிய பிறகே இலாபம் என்ற சொல்லைப் பாவிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் பெரும்போகத்தை மட்டும் நம்பி வயல் செய்பவர் ஒருவர், அறுவடைக்கு ஒரு தரம் என்று இல்லாமல் மாதாமாதம் தவணை கட்டும்படி கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழக்குக் கரை ஹோட்டலின் நிலை அதுதான். உழைப்பு ஆறு மாதம், வட்டி பன்னிரண்டு மாதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், எந்தக் கம்பனியுடையதும் அல்ல. 60 அறை ஹோட்டல். சீசன் 180 இரவுகளில் சராசரியாக நூற்றுக்கு 65 அறை நிறைகிறது, மீதி 185 இரவுகளில் நூற்றுக்கு 20. வரிகளும் ஊழியருக்குப் போகும் 10 வீதச் சேவைக் கட்டணமும் நீங்கலாக, ஓர் அறைக்குச் சீசனில் 25,000 ரூபாய், மாரியில் விலை குறைத்து 15,000. சீசனில் 7,020 அறைகள் விற்பனையாகி 17 கோடியே 55 லட்சம் வருகிறது. மாரியில் 2,220 அறைகள், 3 கோடியே 33 லட்சம். கலியாண விருந்து, படகுச் சவாரி, வெளியார் சாப்பாடு என்று இன்னும் 4 கோடி சேர்த்தால் ஏறத்தாழ 25 கோடி. சம்பளம், மரக்கறி, மீன், மின்சாரம், திருத்தவேலை, இணையத்தில் அறை பதிந்து கொடுக்கும் நிறுவனங்களின் கமிஷன் எல்லாம் சேர்ந்து 70 வீதம் போகிறது என்று வைத்தால் மிஞ்சுவது ஏழரைக் கோடி.

இப்போது கடனைப் பாருங்கள். 60 கோடி கடன், 12 வீத வட்டி என்றால் வட்டி மட்டும் 7 கோடியே 20 லட்சம். முழு வருட உழைப்பில் மிச்சம் 30 லட்சம். அதில் கடனின் முதலையும் கட்ட முடியாது, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் ஏசி இயந்திரங்களையும் மாற்ற முடியாது. வட்டி 9 வீதத்துக்கு இறங்கினால் 2 கோடியே 10 லட்சம் மிஞ்சுகிறது. 20 வீதத்துக்கு ஏறினால் நாலரைக் கோடி நட்டம். மூன்று நிலையிலும் ஹோட்டல் ஒன்றுதான், வந்த விருந்தாளிகளும் அதே தொகைதான்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டு கவலைகளும் சந்திக்கின்றன. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதே வருடம், அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. பிறகு படிப்படியாக இறங்கி, 2024 நவம்பரில் கொள்கை வட்டி 8 வீதம் ஆகியது, 2025 மே மாதத்தில் 7.75. உங்கள் வைப்புக்கு வட்டி குறைந்ததும், கடனில் இருந்த ஹோட்டல் கம்பனிகளின் கணக்கு தெளிந்ததும் ஒரே காரணத்தால்தான். அந்தக் காரணம் திரும்பினால் இரண்டும் திரும்பும். ஆகவே அறிக்கையைக் கையில் எடுத்ததும், இந்த இலாபம் விருந்தாளிகள் கூடியதால் வந்ததா, வட்டி இறங்கியதால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். வருமானம் என்ற வரிசையை மட்டும் பார்க்காமல், நிதிச் செலவு என்று ஒரு வரிசை இருக்கும், அதையும் போன வருடத்து எண்ணோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம்முடைய கரைக்கு இன்னொரு துரதிருஷ்டமும் இருந்திருக்கிறது. நாட்டில் நடந்த பெரிய அதிர்ச்சிகள் எல்லாம் நம் சீசனின் வாயிலில் வந்து விழுந்தன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட எத்தனை உயிர்களை இழந்தோம். அந்த இழப்பின் முன்னால் வியாபாரக் கணக்குப் பேசவே மனம் கூசுகிறது. ஆனாலும் நீங்கள் உங்கள் சேமிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மே மாதத்தில் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 129,466. 2019 மே மாதத்தில் 37,802. தெற்குக் கரைக்கு அது எப்படியும் ஆள் குறைந்த மாதம், நமக்கோ சீசன் தொடக்கம். அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனாவுக்காக விமான நிலையம் மூடப்பட்டு 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. 2022-இல் ஏப்ரல் தொடக்கம் ஓகஸ்ட் வரை எரிபொருள் வரிசை. கொழும்பில் இருந்து பாசிக்குடாவுக்கு ஆறு மணித்தியாலப் பயணம், பெட்ரோல் இல்லாமல் யார் வருவார்கள்? ஆக நான்கு சீசன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டன.

அந்த வருடங்களில் சுற்றுலாத் துறைக்கு வங்கிக் கடன் ஒத்திவைப்புச் சலுகை கொடுத்தார்கள், திரும்பத் திரும்ப நீடித்தார்கள். ஒத்திவைப்பு என்றால் தள்ளுபடி இல்லை. கட்டாத வட்டியில் பெரும்பகுதி பின்னால் கட்ட வேண்டிய தொகையாகச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு ஒரு கம்பனியின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் தெரியும் கடனில் எவ்வளவு கட்டடம் கட்ட வாங்கியது, எவ்வளவு அந்த நான்கு வருடங்களின் வட்டி என்று பார்த்தால் சில கம்பனிகளில் மனம் கனத்துப்போகும்.

2024 ஒக்டோபர் 23 அன்று நடந்ததும் நினைவிருக்கும். அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையைப் பற்றி ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது, இஸ்ரேல் தன் பிரஜைகளை உடனே அங்கிருந்து வெளியேறச் சொன்னது. அறுகம்பையில் ஒரு கடைக்குக்கூடச் சேதம் இல்லை. ஆனாலும் ஓர் அறிவித்தல் வந்த அன்றே பதிவுகள் கையைவிட்டுப் போகக்கூடிய தொழில் இது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நல்ல நிர்வாகம், சுத்தமான அறை, அன்பான கவனிப்பு எல்லாம் இருந்தும் தன் கையில் இல்லாத காரணத்தால் ஒரு சீசனை இழக்கலாம். இப்படிப்பட்ட தொழிலுக்குக் கடன் குறைவாக இருப்பது ஒன்றுதான் காப்பு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

சரி, அறிக்கையில் எதைத் தேடுவது? ஆண்டறிக்கையைக் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். முன்பக்கத்தில் நீலக் கடலும் தலைவரின் செய்தியும் இருக்கும், அவற்றைத் தாண்டி கணக்காய்வாளர் அறிக்கைக்குப் போங்கள். அதில் கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் நிச்சயமின்மை இருக்கிறது என்ற கருத்தில் ஒரு பந்தி இருந்தால், புத்தகத்தை மூடிவிடலாம். இல்லையென்றால், வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபம் வட்டியைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். கிழக்குக் கரைக் கம்பனிக்கு இரண்டு மடங்கு கூட இல்லாவிட்டால் நான் ஒருவரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். முன்சொன்ன கணக்கில் 12 வீத வட்டியில் அது ஒரு மடங்கை விடக் கொஞ்சம்தான் கூட.

அதன் பிறகு திரண்ட நட்டம். பல வருட நட்டம் சேர்ந்து கிடக்கும் கம்பனி இந்த வருடம் இலாபம் உழைத்தாலும் அதில் உங்களுக்குப் பங்கிலாபம், அதாவது பங்காளிக்குப் பிரித்துக் கொடுக்கும் காசு, தரும் நாள் தொலைவில்தான் இருக்கும். பங்குகளைப் புதிதாக வழங்கிக் கடனை அடைக்க நேர்ந்தால், நீங்கள் இன்னும் காசு போட வேண்டும், அல்லது உங்கள் பங்கு வீதம் கரையும். சிறு பங்காளிகள் மறந்துவிடும் செலவு இது.

காணியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்கள் "கம்பனி விழுந்தாலும் கடற்கரைக் காணி இருக்குத்தானே" என்பார்கள். பாசிக்குடாவில் அரச காணியை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய ஹோட்டல்கள் உண்டு. கம்பனிக்குச் சொந்தமான உறுதிக் காணியா, குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம் மிச்சம் என்று கணக்குக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். உறுதிக் காணியாகவே இருந்தாலும் அது பெரும்பாலும் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கும். கம்பனி மூடினால் வரிசையில் முதலில் வங்கி, கடைசியில்தான் பங்காளி. சில வருடங்களில் இலாபத்தோடு காணி மதிப்பு ஏற்றமும் சேர்த்துக் காட்டப்படும். காகிதத்தில் ஏறிய மதிப்பில் ஒரு மாதச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது.

இவ்வளவும் வாசித்துவிட்டு, கிழக்கில் எதிர்காலமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி எல்லாவற்றுக்கும் பிறகு இந்தக் கரையில் மறுபடி விளக்கு எரிகிறது என்பதில் எனக்கும் பெருமைதான். வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் இருந்து பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். 2021-இல் இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்த பயணிகள் வரவு 2023-இல் 14 லட்சத்து 87 ஆயிரம் ஆகி, 2024-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. தெற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நாட்டுக்கு வருபவருக்குக் கடற்கரை வேண்டுமென்றால் கிழக்குத்தான். இயற்கை தந்த இந்தக் கொடையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் நாட்டுக்கு வருகிற தொகை வேறு, பாசிக்குடாவின் பெரிய ஹோட்டலில் படுக்கிற தொகை வேறு. அறுகம்பைக்கு முதுகில் பையோடு வரும் இளைஞர் பெரும்பாலும் சின்ன விடுதியிலும் கபானா என்ற குடில்களிலும்தான் தங்குவார். அவர் செலவழிக்கும் காசு ஊருக்குள் நன்றாகச் சுழலும், பங்குச் சந்தைக் கம்பனியின் கணக்கில் தெரியாது. ஆக, கிழக்குச் சுற்றுலா நன்றாக வளரலாம், அதே நேரம் நீங்கள் பார்க்கும் கம்பனி திணறலாம். இரண்டும் ஒன்றாக நடக்க இடம் இருக்கிறது.

சுற்றுலாத் துறையில்தான் போட வேண்டும் என்று மனம் சொன்னால், கிழக்கில் ஒன்றும் தெற்கிலோ மேற்கிலோ ஒன்றும் ஹோட்டல் வைத்திருக்கும், கடன் குறைந்த கம்பனியைத் தேடுங்கள். ஒரு கரையில் மழை பெய்யும்போது மறு கரை சம்பளம் கொடுக்கும். அப்படிப்பட்ட பங்கு மூன்று ரூபாய்க்குக் கிடைக்காது, பரவாயில்லை. விற்கும் நாளையும் யோசியுங்கள். சின்ன ஹோட்டல் கம்பனிப் பங்குகளில் சில நாள் கைமாறுவது மிகச் சொற்பம், அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்ட விலைக்கு ஆள் இருக்காது. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகுக் கட்டணமும் மற்றவையும் சேர்த்து 1.12 வீதம் போகும், பங்கிலாபம் வந்தால் 15 வீதம் வரி கழித்துத்தான் கையில் வரும்.

உங்கள் ஏறாவூர் நண்பரின் தயக்கத்தை மற்ற மூவரும் லேசாக எடுக்க வேண்டாம். வட்டிக் கடனும் மதுபான விற்பனையும் உள்ள கம்பனியில் பங்கு வைப்பது மார்க்கத்தில் கூடுமா என்பது அவர் நம்பும் உலமாவிடம் கேட்க வேண்டிய விஷயம். அந்தக் கேள்வியோடு போகும்போது ஆண்டறிக்கையின் கடன் குறிப்பையும் வருமானப் பிரிவையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், தெளிவான பதில் கிடைக்கும். கூட்டாளிகளுக்காக அவர் மனதுக்கு ஒவ்வாததைச் செய்யக் கூடாது.

இனி அறுகம்பை. மாதம் பத்தாயிரம் என்றால் வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், அதாவது 24 வீதம். நான் மேலே சொன்ன அந்தத் தொழிலில், ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை மட்டும் ஆள் வரும் ஊரில், இன்னும் கட்டி முடியாத விடுதி, மாரி மாதத்திலும் பத்தாயிரம் கொடுக்கும் என்றால் அந்தக் காசு எங்கே இருந்து வருகிறது? விருந்தாளியிடம் இருந்து வர வழியில்லை. பிந்திச் சேர்ந்தவர்களின் காசில் இருந்துதான் வர முடியும். தம்பியின் கூட்டாளி கெட்ட எண்ணத்தோடு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு தொடங்கியவர்களும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு தனியார் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு வழங்க முடியாது, ஊழியர்கள் நீங்கலாகப் பங்காளிகள் 50 பேருக்கு மேற்படவும் முடியாது. அறுபது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் அவர்கள் பங்காளிகளே இல்லை, அல்லது கம்பனி சட்டத்தை மீறுகிறது. பங்கு இல்லாமல் வெறும் காசாக வாங்கி நிச்சயமான மாத வருமானம் தருவதாகச் சொன்னால், அது வைப்பு ஏற்பது போல ஆகிவிடும், அதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கையெழுத்துக் கடுதாசி ஒன்றைத் தவிர உங்களிடம் எதுவும் இருக்காது.

தம்பிக்கு முகம் முறிக்காமல் சொல்ல வேண்டும் என்றால், நான்கு பத்திரங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: கம்பனிப் பதிவுச் சான்றிதழும் பங்காளிகள் பட்டியலும், காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுக்கு விண்ணப்பித்த ஆதாரம். கடல் உயர்நீர் மட்டத்தில் இருந்து கரைப் பக்கம் 300 மீற்றர் வரையும் கரையோர வலயம், அங்கே அனுமதி இல்லாமல் எழுப்பும் கட்டடத்தை உடைக்க உத்தரவு வரலாம். அறுகம்பை இருக்கும் பொத்துவில் பக்கம், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகளும் உறுதி இல்லாத காணிகளும் நிறைய, ஆகவே காணிப் பதிவகத்தில் ஒரு சட்டத்தரணியை வைத்துத் தேடிப் பார்க்காமல் யாருடைய வாய்ச்சொல்லையும் ஏற்க முடியாது. பத்திரங்களைக் கேட்டதும் கோபப்படுபவரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

உங்கள் 18 லட்சத்துக்கு வருவோம். 8 வீதம் என்று வைத்தால் மாதம் 12,000 ரூபாய் வருகிறது. ஆறு லட்சத்தை எடுத்தால் அதில் 4,000 ரூபாய் உடனே நின்றுவிடும், பங்கிலாபம் தராத கம்பனி என்றால் பல வருடத்துக்கு நின்றுவிடும். ஓய்வூதியத்தோடு அந்த 4,000 உங்கள் மருந்துச் செலவா, பேரப்பிள்ளையின் ரியூஷன் காசா என்று நீங்கள்தான் அறிவீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் எடுத்துவைப்பது ஒரு லட்சத்துக்கு மேல் போகாது, அதுவும் ஒரே கம்பனியில் போடாமல்.

வைப்பிலேயே இரண்டு திருத்தம் செய்யலாம். எல்லாப் பணமும் ஒரே வங்கியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான் காப்பு. 18 லட்சத்தையும் தவணை முடியும்போது இரண்டு வங்கிகளாகப் பிரித்துவிடுங்கள், ஒரு செலவும் இல்லை. அடுத்தது, 2025 ஏப்ரல் தொடக்கம் வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். உங்கள் மொத்த வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்து அந்தக் கழிவை நிறுத்தலாம். மாதம் 12,000-இல் 1,200 ரூபாய் கையில் நிற்கும். பலர் இதைச் செய்யாமலே விடுகிறார்கள்.

நான்கு பேரும் சேர்ந்து பங்கு பார்ப்பது நல்ல விஷயம், ஆனால் காசை ஒருவர் பெயரில் சேர்க்க வேண்டாம். பங்குச் சந்தையில் அனுமதி பெற்ற தரகர் மூலம் ஒவ்வொருவரும் தன் பெயரில், வாங்கும் பங்குகள் பதிவாகும் சி.டி.எஸ். கணக்குத் திறக்கட்டும். அறிக்கையை ஒன்றாக இருந்து வாசியுங்கள், முடிவை அவரவர் எடுக்கட்டும். நாலு பேரின் பணமும் ஒரே பெயரில் கிடந்து, அந்த ஒருவருக்கு ஏதாவது நடந்தால், மற்ற மூன்று குடும்பமும் அவருடைய பிள்ளைகளிடம் போய் நிற்க வேண்டி வரும்.

மார்ச்சுடன் முடியும் வருடத்துக்கான ஆண்டறிக்கை ஓகஸ்ட் முடிவதற்குள் வந்துவிடும். வந்ததும் கணக்காய்வாளர் அறிக்கை, கடன் குறிப்பு, நிலக் குத்தகைக் குறிப்பு ஆகிய பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன். அதுவரை தரகர் யாராவது "இன்றைக்கே வாங்காவிட்டால் விலை ஏறிவிடும்" என்று தொலைபேசியில் சொன்னால், ஓகஸ்ட்டில் பேசுவோம் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.